ஹோட்டன் சமவெளி வட்டப்பாதை: உலக முடிவோடு திரும்பிவிடாதீர்கள்

"உலக முடிவைப் பார்த்தோம், படம் எடுத்தோம், வந்த வழியே திரும்பினோம்" என்று சொல்பவர்கள்தான் நம் ஆட்களில் அதிகம். அவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள், அதிலும் நல்ல பாதியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். இலங்கை மலையகத்தில் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற அந்த நடைபாதை ஒரு வட்டம். ஃபார் இன் என்ற பழைய பங்களாவில் தொடங்கி, சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற இரண்டு செங்குத்துப் பள்ளத்து விளிம்புகள், பிறகு பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி, திரும்பவும் அதே பங்களாவிலேயே வந்து முடியும். மொத்தம் ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். நின்று நின்று பார்த்து நடந்தாலும் மூன்று, நாலு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

மலை ஏறுவது என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை. ஏற வேண்டிய உயரத்தை எல்லாம் வேனே ஏறிவிடுகிறது, நீங்கள் நடக்கிறது 2,100 மீற்றருக்கு மேலே விரிந்து கிடக்கிற ஒரு மேட்டுநிலத்தில், ஓரிரு இடத்தில் மட்டும்தான் மூச்சு வாங்கும். வருஷக்கணக்காகக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்துபோன என் அம்மா ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு முழு வட்டத்தையும் நடந்தார், அக்காவின் சின்ன மகனும் நடந்தான். கைக்குழந்தைக்காரர்கள், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். அந்த உயரத்தில் காற்று மெல்லிசு, குளிரும் சும்மா இல்லை.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் போகலாம், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஓஹிய வழி கிட்ட. ரயிலில் வந்து ஓஹியவில் இறங்கி அங்கிருந்து ஏறுகிறவர்களும் உண்டு, ஆனால் அந்த ஏற்றம் மட்டுமே 11 கிலோமீற்றர், வயசானவர்களோடு வருகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள். எந்த வழியில் வந்தாலும் ஒரே ஒரு விதி: காலை 6 மணிக்கு வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி உலக முடிவை மூடிவிடும், அதற்குப் பிறகு போனால் வெள்ளைத் திரைதான். ஒரு தடவை நாங்கள் பேசிவைத்த வேன் சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் பிந்தி வந்தது, விளிம்பில் போய் நின்றபோது கைக்கெட்டும் தூரத்தில் இருந்த புல்கூடத் தெரியவில்லை, கூட வந்த வயசான மாமாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதனால் வேன் பேசும்போது "ஆறு மணிக்கு வாசலில் நிற்கவேணும்" என்று சொல்லுங்கள், "அஞ்சு மணிக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கிறது, எனக்கு இந்த இடத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து பிஸ்கட்டைக் கடதாசிப் பைக்கு மாற்றச் சொல்கிறார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூட உரித்து எடுக்கிறார்கள், பொலித்தீன் எதுவும் உள்ளே போகக்கூடாது. நம் வீடுகளில் சோற்றுப் பார்சல் என்றால் கை தன்பாட்டில் லன்ச் ஷீட்டைத்தான் தேடும், அது இங்கே செல்லாது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு போவதானால் வாழை இலையில் சுற்றுங்கள், இல்லையென்றால் மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். இவ்வளவு கெடுபிடி இருப்பதால்தான் இத்தனை ஆயிரம் பேர் நடக்கிற பாதையோரத்தில் ஒரு டொபித்தாளைக்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. சிவனொளிபாத மலைப் பருவம் முடிந்த பிறகு அந்தப் படிக்கட்டு ஓரங்கள் கிடக்கிற கிடப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஃபார் இன்னுக்குப் பக்கத்தில் மரைகள் நிற்கும். பெரிய மான் வகை, கிட்ட வந்து மூக்கை நீட்டும். பிஸ்கட் கொடுக்காதீர்கள், பிள்ளைகளிடமும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். மனிதர் கையை எதிர்பார்த்து வாகனங்களைச் சுற்றியே திரிகிற மரையைப் பார்க்க எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதைவிட தூரத்தில், பனி இன்னும் காயாத புல்லில் கூட்டமாக மேய்கிற மரைகளைப் பார்ப்பது எவ்வளவோ மேல். அவற்றை வேட்டையாடுகிற சிறுத்தையும் இதே காட்டில்தான் இருக்கிறது, பகலில் நீங்கள் பார்ப்பது அபூர்வம்.

பாதை முதலில் புல்வெளியில் இறங்கி, ஒரு நீரோடையைக் கடந்து, இரண்டாகப் பிரியும். ஒரு கிளை உலக முடிவுக்கு, மற்றது பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு. மஞ்சுக்கு முந்த வேண்டும் என்பதால் உலக முடிவுக் கிளையை முதலில் எடுங்கள், அருவியைத் திரும்பும்போது பார்க்கலாம், அது மஞ்சிலும் அங்கேயேதான் இருக்கும். பிரிவுக்குப் பிறகு காடு தொடங்குகிறது. ஊரில் காடு என்றால் வானத்தைத் தொடுகிற மரங்களைத்தானே நினைப்போம். இங்கே மரங்கள் குட்டை, காற்றுக்கு வளைந்து முறுக்கேறி நிற்கும், கீன மரங்களின் உச்சி தட்டையாகப் படர்ந்திருக்கும், கிளை முழுக்கப் பாசி தாடி மாதிரித் தொங்கும். மழை இல்லாத நாளிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். மஞ்சில் இருக்கிற ஈரத்தை இலையும் பாசியும் பிடித்துக் கீழே இறக்குகின்றன, அந்தத் தண்ணீர்தான் இந்தச் சமவெளியின் ஓடைகளுக்கெல்லாம் ஒரு பங்கு. காலடியில் வேரும் கல்லும் மழை அரித்த பள்ளமுமாக இருக்கும், செருப்போடு வருகிறவர்கள் இங்கேதான் கஷ்டப்படுவார்கள். பிடிப்புள்ள சப்பாத்துப் போட்டு வாருங்கள்.

சின்ன உலக முடிவு நிறையப் பேர் நிற்காமல் தாண்டிப் போகிற இடம். நில்லுங்கள். கூட்டம் குறைவு, பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் பெரியது. நிலம் அப்படியே அறுந்து, சுமார் 870 மீற்றர் கீழே விழுகிறது. அதன் அடியில் நன்பேரியல் தோட்டத்துத் தேயிலை, ஒரு பாதை, தோட்டத் தொழிலாளர் இருக்கிற லயத்துத் தகரங்களில் படுகிற வெயில். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அங்கேயும் நம்ம சனந்தான் இருக்கும்பா" என்றார். உண்மைதான். விளிம்போடு விளையாட்டு வேண்டாம். 2015இல் ஒரு வெளிநாட்டுப் பயணி படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்து, இடையில் இருந்த மரம் தாங்கியதால் உயிர் தப்பினார், இராணுவம்தான் அவரை மேலே கொண்டுவந்தது. எல்லோருக்கும் இடையில் மரம் இருக்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். வானம் தெளிவாக இருந்தால் விளிம்பிலிருந்து தெற்கே ஒரு நீர்த்தேக்கம் மின்னுவது தெரியும். அதுதான் சமனலவெவ. நீங்கள் காலையில் தாண்டி வந்தீர்களே அந்த ஓடை, கொஞ்ச நேரத்தில் பார்க்கப்போகிற அருவி, எல்லாம் பெலிஹுல் ஓயாவின் தலைநீர். அந்த ஆறு இந்தச் சுவரின் பக்கமாக இறங்கிப் போய், வளவை கங்கையோடு சேருகிற இடத்தில்தான் அந்த நீர்த்தேக்கம் இருக்கிறது. ஒரு ஆற்றின் தொடக்கத்தில் கால் நனைத்துவிட்டு அரை நாளுக்குள் அது போய்த் தேங்குகிற இடத்தையும் கண்ணால் பார்க்க முடிகிற நடை இலங்கையில் வேறெங்காவது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த நீர்த்தேக்கத்தின் கதை இன்னும் பெரியது. ஐரோப்பாவில் சுண்ணாம்புக்கல் காடுகளுக்குள் வட்டமாக நடக்கிற பாதைகளைப் படத்தில் பார்த்துவிட்டு, "நம்ம நாட்டில் அப்படி இல்லையே" என்று சில இளைஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறு திடீரென்று நிலத்துக்குள் போய் மறைகிற, குகையும் குழியுமான அந்த மாதிரி நிலம் எப்படி உருவாகிறது என்றால், மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது, அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, சீனிக்கட்டியில் தேத்தண்ணி ஊற்றினது மாதிரி உள்ளே உள்ளே கரைத்துக்கொண்டே போகிறது, வித்தியாசம் என்னவென்றால் இதற்குப் பல்லாயிரம் வருஷம் பிடிக்கும். நீங்கள் நடக்கிற ஹோட்டன் சமவெளியின் பாறை அப்படிப்பட்டதில்லை, அது இறுகிய பழைய பாறை, தண்ணீருக்குச் சுலபத்தில் கரையாது, அதனால்தான் இங்கே ஓடைகள் மேலாகவே ஓடுகின்றன, குட்டையும் சதுப்புமாகத் தேங்குகின்றன. ஆனால் மலையகத்தின் உடம்புக்குள் பளிங்காக மாறிய சுண்ணாம்புக்கல் பட்டைபட்டையாக ஓடுகிறது. மாத்தளை, திகன, பதுளை, பலாங்கொடைப் பக்கங்களில் சுண்ணாம்புச் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

சமனலவெவ அணையைக் கட்டினவர்களுக்கு அந்தக் கல்தான் எதிரி. 110 மீற்றர் உயரமான கல்நிரப்பு அணை, 120 மெகாவாட் மின்நிலையம். 1992இல் தண்ணீரைத் தேக்கிக்கொண்டிருந்தபோது வலதுகரை மலைக்குள் இருந்த சுண்ணாம்புக்கல் பொந்துகள் வழியாகத் தண்ணீர் புகுந்து, அணைக்குக் கீழ்ப்பக்கம் மலைச்சரிவை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. பிறகு படகுகளில் மண்ணைக் கொண்டுபோய் நீர்த்தேக்கத்தின் அடியில் கொட்டிப் பொந்தை அடைக்கப் பார்த்தார்கள். கசிவு முழுசாக நிற்கவில்லை. அப்படிக் கசிகிற தண்ணீரும் கீழே கல்தொட்டைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது, விவசாயிகள் அதில் நெல் விதைக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு உலக முடிவில் நின்று பாருங்கள், அந்த மினுங்கல் வேறு மாதிரித் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதுவரைக்கும் "எப்ப போறது, எப்ப போறது" என்று அரித்துக்கொண்டிருந்தவர்கள், ஆறு மலைக்குள்ளே நுழைந்து வெளியே வந்த கதையைச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மகன் அந்தத் தண்ணீர் உள்ளே எத்தனை நேரம் இருந்தது என்று கேட்டான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அந்தக் கேள்வி கேட்டதற்கே அவனைக் கூட்டிவந்தது நல்லது என்று நினைத்தேன்.

பெரும்பாலான வேன்காரர்கள் உலக முடிவோடு ஆட்களைத் திருப்பிக் கூட்டிப்போகத்தான் பார்ப்பார்கள். "அருவி பெரிசா ஒண்ணுமில்ல" என்பார்கள். கேட்காதீர்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் 20 மீற்றர்தான், டெவோன், சென் கிளயார் எல்லாம் பார்த்த நமக்கு உயரத்தில் அது சின்னதுதான். ஆனால் டெவோனை நாம் எதிர்மலை ரோட்டில் நின்று பார்க்கிறோம், இதில் அருவியின் முகத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறோம், கறுத்த பாறையில் விசிறி விழுகிற தண்ணீரின் சாரல் உங்கள் முகத்தில் அடிக்கும், சுற்றிலும் பெரிய பன்னங்கள், காலம் சரியாக இருந்தால் சிவப்பாகப் பூத்த ரொடொடென்ரன் மரங்கள். பாதையில் இருக்கிற ஒரே உண்மையான சிரமம் இந்த இறக்கம்தான். செங்குத்து, ஈரம், திரும்பி ஏறவும் வேண்டும். அம்மாவுக்கு இங்கே மட்டும் இரண்டு பக்கமும் கை கொடுத்தோம். மழை பெய்த மறுநாள் என்றால் வயசானவர்களை மேலேயே உட்காரவைத்துவிட்டு நீங்கள் இறங்கிவிட்டு வாருங்கள். குளிக்க இறங்காதீர்கள்.

அருவிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், பிறகு ஆபிரிக்காவில் அல்பேட் ஏரி வரை போன அதே ஆள்தான். நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தார், இந்த மலைகளில் யானைகளைச் சுட்டுத் தள்ளினார். ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் யானைக்கூட்டங்கள் நடமாடின, இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அருவிக்கு அவர் பெயர் இருப்பது எனக்கு உவப்பாயில்லை, அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

அருவிக்குப் பிறகு வருகிற பகுதியைத்தான் நான் இந்த நடையின் உயிர் என்பேன். காடு விலகி, பத்தனைப் புல்வெளி திறக்கும். பாதை ஓடையைத் தொட்டும் விலகியும் போகும், குட்டை மூங்கில் தண்ணீரோரமாக அடர்ந்து நிற்கும், தண்ணீர் தேயிலைச்சாய நிறத்தில் தெளிந்து கிடக்கும். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள் இந்த ஓடைகளில் இருக்கின்றன, குனிந்து நின்று பார்த்தால் சில நேரம் தெரியும். ஆட்கள் குறைவு. உலக முடிவில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டவர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள், அதனால் காது கொடுத்தால் குருவிகள் கேட்கும். இலங்கையில் மட்டுமே இருக்கிற பறவைகளில் பல இந்த உயரத்துக் காட்டைத்தான் நம்பி இருக்கின்றன. புதரில் மெதுவாகப் பாருங்கள், மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று உண்டு, அதுவும் நம் மலைகளுக்கு மட்டுமே உரியது.

இந்த இடம் தேயிலையாகாமல் தப்பியதே பெரிய விஷயம். 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், 5,000 அடிக்கு மேலே இருக்கிற காடுகளைத் தொடாதீர்கள் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை சொன்னார். அது மட்டும் இல்லாவிட்டால் பட்டிப்பொலவிலிருந்து விளிம்பு வரைக்கும் தேயிலை நிரை பிடித்திருப்பார்கள், காட்டை நம் பாட்டன்மார்தான் வெட்டியிருப்பார்கள். 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் மற்றக் காடுகளோடு சேர்த்து உலக மரபுரிமை. இது நமக்கு நேரடியாகவே முக்கியம். சமவெளியின் மேற்குப் பக்கம் டயகம, அக்கரப்பத்தனைத் தோட்டங்கள். அக்கர ஓயா இங்கேதான் பிறக்கிறது, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது, தலவாக்கலையில் மேல்கொத்மலை அணைக்குப் பின்னால் தேங்குவதும் அந்தத் தண்ணீர்தான். ஒரே மேட்டுநிலத்தில் பெய்கிற மழையில் ஒரு பங்கு தெற்கே வளவைக்கு, ஒரு பங்கு மகாவலியாகக் கிழக்கே திருகோணமலைக் கடலுக்கு, இன்னொரு பங்கு களனியாக மேற்கே கொழும்புப் பக்கம். பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் படம் வரைந்து காட்டுவதைவிட இங்கே கூட்டிவந்து நிறுத்திச் சொல்லலாம்.

சில்லறை விஷயங்கள். பாதையில் கடை கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மலசலகூடத்துக்கு நடை தொடங்கும் முன்பே போய்விடுங்கள், உள்ளே இல்லை. ஜேர்சி கட்டாயம், தலைக்கும் காதுக்கும் ஏதாவது வேண்டும், ஜனவரி, பெப்ரவரியில் விடியக்காலையில் புல்லில் உறைபனியே பிடிக்கும். ஒன்பது மணிக்கு மேல் அதே இடத்தில் வெயில் சுட்டுவிடும், மேட்டுநிலத்து வெயில் குளிரில் தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் முகம் எரியும், அதனால் தொப்பியும் எடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற ஜூன், ஜூலையில் காற்றும் மஞ்சும் மழையும்தான், அப்போது வந்தால் உலக முடிவை எதிர்பார்க்காதீர்கள், ஓடைகளும் அருவியும் மட்டும் நிறைந்து ஓடும், எனக்கு அதுவும் பிடிக்கும். நீண்ட விடுமுறை நாட்களையும் ஏப்ரல் வசந்த காலத்தையும் தவிருங்கள், நுவரெலியாவில் இருக்கிற சனம் பாதி இங்கேதான் நிற்கும். இலங்கையர்களுக்கு நுழைவுச்சீட்டு வெளிநாட்டவரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, தேசிய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

நேரம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. வந்த வழியே நுவரெலியாவுக்குத் திரும்பாமல் ஓஹிய பக்கம் இறங்கி, ஹப்புத்தளைக்கு வந்து ஒரு இரவு தங்குங்கள். மறுநாள் காலை பெரகலை, ஹல்துமுல்லை வழியாகப் பலாங்கொடைப் பஸ்ஸில் ஏறினால், பெலிஹுல்ஓயா பாலத்தில் அதே ஆற்றைப் பெரிய ஆறாகப் பார்க்கலாம். பஸ்ஸில் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், முந்தின நாள் நீங்கள் நின்ற சுவர் அந்தப் பக்கம்தான் வரும். பாலத்தடியில் இறங்கிப் பிளேன்டீ குடிக்கக் கடைகள் இருக்கின்றன, அடுத்த பஸ்ஸுக்கு அதிகம் காத்திருக்கத் தேவையில்லை.